எடுக்காமல் விட்ட டாலியாக் கிழங்குகள்

லெப்பகுலா,
நவம்பர் மாதம்.

கெர்லிக்கு,

இதுவரை நான் பேசாமல் இருந்தது போதும். அன்புள்ள என்று தொடங்க எனக்கு வரவில்லை. நீயும் என்னிடம் அதை எதிர்பார்க்கமாட்டாய். கடல் தாண்டி, தம்பெரே நகரத்தில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா விர்வே நலமாக இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதைப் பொறுமையாகப் படி.

இந்த வருடம் முதல் உறைபனி செப்டம்பர் கடைசியில் விழுந்தது. வழக்கம்போல என் தோட்டத்தில்தான் முதலில். குளிர் தண்ணீரைப் போல மேட்டிலிருந்து வழிந்து வந்து என் பள்ளத்தில் தேங்கும். என் டாலியாக்கள் கறுத்துத் தொங்கிய பிறகும் உங்கள் மேட்டில் இரண்டு வாரம் பூ இருக்கும். அந்த மேடு என் தாத்தா உழுத நிலம். கூட்டுப்பண்ணை கலைந்து நிலங்களைப் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தபோது, உன் அப்பா ஹெல்டூர் எங்கிருந்தோ ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டி அதை வாங்கிக்கொண்டார். அவர் இறந்துவிட்டதால் நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நீ என் வகுப்பில் படித்த காலத்தில், பள்ளி திறக்கும் செப்டம்பர் முதல் தேதியில் அந்த மேட்டுப் பூக்களைக் கொத்தாகக் கட்டி என் மேசையில் வைப்பாய். மற்ற பிள்ளைகள் தந்தவற்றை வீட்டுக்கு எடுத்துப்போவேன். உன்னுடையவற்றை வகுப்பிலேயே விட்டுவிடுவேன். எனக்குச் சேர வேண்டிய மண்ணில் பூத்தவற்றை எனக்கே பரிசாகத் தந்தால் எப்படி வாங்குவது?

அக்டோபரில் மேட்டிலும் பனி விழுந்து செடிகள் கறுத்தன. கறுத்தபின் சில நாள் விட்டு, கிழங்கைத் தோண்டி உலர்த்தி நிலவறை மணலுக்குள் வைக்க வேண்டும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் குளிர்காலத்தை மண்ணுக்குள் தாங்கும் டாலியா கிடையாது. வருடந்தோறும் ஊரிலேயே முதல் ஆளாக எடுத்து முடித்துவிட்டு, உன் அம்மா வேலியோரம் வந்து நிற்பாள். "இன்னும் தோண்டலையா வாத்தியாரே? பாடம் நடத்தினா கிழங்கு தானா எழுந்து வருமா?" என்பாள். நான் பதில் சொல்லமாட்டேன்.

இந்த வருடம் அவள் வேலிக்கு வரவில்லை. கறுத்த தண்டுகள் அப்படியே நின்றன. ரோஜாக்களின் மேல் ஊசியிலை மரக் கிளை வைத்து மூடவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் அவளுக்கும் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்வதற்கு நல்ல பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, காலை வேளைகளில் மண் மேலே இறுகத் தொடங்கியபோது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். உதவிக்குப் போனேன் என்று எண்ணாதே. பதிலைச் சொல்லத்தான் போனேன்.

அவள் அடுப்போரம் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. கிழங்குகள் மண்ணில் கிடக்கின்றனவே என்றேன். "கிடக்கட்டும் விடு. அடுத்த கோடையில யாரு நடப் போறா?" என்றாள். கொண்டுபோன பதிலை விட்டுவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

ஜூன் மாதமே வயிற்றில் கட்டி என்று நகரத்து மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்களாம். சேர்ந்தாலும் முழுதாகக் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லையாம். இருப்பது ஒரு கோடைதான் என்றால் அதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கழிக்கமாட்டேன் என்று திரும்பிவிட்டாள். பியோனி பூத்தது, ஃப்ளாக்ஸ் பூத்தது, டாலியா பூத்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடிக்கடி வேலை நடுவில் உட்கார்ந்துவிடுவதையும் பார்த்தேன். கவனிக்கவில்லை. செடிகளுக்கு என்ன நோய் என்று இலையைப் பார்த்தே சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொண்ட ஆள் நான்.

அன்று அவளைப் பார்த்துக் கத்தினேன். ஜூனில் போயிருக்க வேண்டும், உன் முட்டாள்தனம்தான் உன்னைக் கொல்கிறது என்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு, புளித்த முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்து என் முன்னால் வைத்தாள். அவள் குடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது நான் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். விறகு கொண்டுபோயிருந்தேன். கிழங்கெல்லாம் எடுத்தாயா என்று நீ கேட்டிருக்க வேண்டும். "எல்லாம் எடுத்து மணல்ல வச்சாச்சு கண்ணு. இந்த வருஷம் கிழங்கு ஒவ்வொண்ணும் கை தண்டி" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கறுத்த தண்டுகள் எனக்குத் தெரிந்தன. அவள் கண் என்மேல் இருந்தது. ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டாய் போலிருக்கிறது. பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் என்றாள். அவள் இறைச்சி தொட்டு எத்தனையோ நாளாகிறது. சொல்லிச் சிரித்தாள். நீயும் சிரித்திருப்பாய். தொலைபேசியை வைத்தபின் மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மகளிடம் ஏன் பொய் என்று கேட்டேன். "அவ வந்தா வேலையை விட்டுட்டு இங்கயே உக்காந்துருவா. நான் போனப்புறம் இந்த மேட்டுல இருந்து அவளை யாரு கிளப்புறது? நீயா?" என்றாள். உனக்கு ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று என்னைச் சொல்லவைத்தாள். சொன்னேன். பிறகு, நான் கதவைத் திறக்கும்போது, "இருபது வருஷமா இந்த மேட்டுக்கு அழுதியே, இனிமே எடுத்துக்கய்யா" என்று சிரித்தாள். அதைவிட மோசமாக என்னை யாரும் அடித்ததில்லை. ஹெல்டூர்கூட இல்லை.

மறுநாள் அவளைக் கேட்காமலே தோண்டினேன். வேண்டாம் என்று உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். நான் திரும்பவில்லை. மண்ணுக்குள் உறைந்துபோன கிழங்குகள் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி கையில் நசுங்கி நீர் விட்டன. ஒரு வரிசை முழுவதும் அப்படி, அடுத்த வரிசையும் அப்படி. வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற ஒரு செடியில் மட்டும் உறுதியாக ஏதோ தட்டுப்பட்டது. அலசிப் பார்த்தால் அதிலும் கழுத்துப் பகுதி கறுத்திருந்தது. முளைக்கண் விடும் இடமே அதுதான். அது போனால் மிச்சக் கிழங்கு வெறும் கட்டை. எல்லாவற்றையும் குப்பைக் குவியலில் கொட்டினேன். திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் அவள் இல்லை. உள்ளே போனேன். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். தூங்கவில்லை என்று தெரிந்தது. அடுப்பில் விறகு வைத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அவள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை.

கெர்லி, அவள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். நீ வந்து எதுவும் மாறப்போவதில்லை. ஏமாற்றி அழைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் வா. பனி கொட்டி மேட்டுப் பாதை அடைபடுவதற்குள் வா. யார் சொன்னது என்று கேட்பாள். "யாரும் சொல்லவில்லை அம்மா, தொலைபேசியில் உன் குரல் சரியில்லை என்று பட்டது, கிளம்பி வந்துவிட்டேன்" என்று சொல். நம்புவாள். குரலை வைத்தே மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நம்புவது அவளுக்கு வேண்டியிருக்கும். அதை என்னால் கொடுக்க முடியாது; உன்னால் முடியும்.

எழுதியது யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். அது உன்னோடு இருக்கட்டும். இத்தனை வருடப் பகையில் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு வாக்கு மட்டும்தான். அதில் பாதியையாவது காப்பாற்றப் பார்க்கிறேன். கீழே பெயர் போடப்போவதில்லை. நாளைக் காலை தபால் வண்டி வருவதற்குள் கடைவாசல் பெட்டியில் இதை இப்படியே போட்டுவிடுகிறேன்.