திரையில் வந்த தண்ணீர் டம்ளர்

இன்று காலை ஆபீஸ் திரையில் ஒரு டம்ளர் வந்தது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டிங்' என்று ஒரு சத்தம், நீல டம்ளர் படம், கீழே 'தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள், உடம்பு சொல்வதைக் கேளுங்கள்' என்று புத்திமதி. நீ போன பிறகு இவர்களுக்கு ஞானம் வந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் பிழைப்பே பிறத்தியாரின் நோய்தானே. அமெரிக்காவில் யாருக்கோ கல்லடைப்பு, யாருக்கோ நெஞ்சுவலி. டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்குரிய எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸுக்குப் பில் போகும். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து இதைச் செய்தோம். சிறுநீர்த் தொற்றுக்கான எண் உனக்குத் தூக்கத்திலும் வரும். "இந்தம்மாவுக்கு எரிச்சல், ஜுரம், முதுகுவலி. கிட்னிக்கு ஏறிடுச்சுடி, பாவம்" என்று திரையைப் பார்த்து உச்சுக்கொட்டுவாய். உனக்கும் அதே எரிச்சல், அதே முதுகுவலி. அதை மட்டும் "சேர் சரியில்ல" என்று சொல்லி முடித்துக்கொண்டாய்.

என் கழுத்து வலிக்குப் போனில் டைமர் வைத்துக் கொடுத்தவளே நீதான். அது அதிர்ந்தால், "எந்திரிடி, நடந்துட்டு வா" என்று முதுகில் ஒரு தட்டு விழும். நீ மட்டும் அசையமாட்டாய். கொஞ்ச நேரம் மவுஸ் நகராவிட்டால் திரையில் பெட்டி ஒன்று வந்து, எங்கே போனாய் என்று காரணம் கேட்கும். நாம் எழுதியதை டீம் லீடர் சாயங்காலக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பான். ஒருமுறை நீ 'பாத்ரூம்' என்று எழுதியதை வாசித்துவிட்டு, "என்ன மேடம், மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்களா?" என்றான். பையன்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய்.

அன்றிலிருந்து ஆபீசில் நீ தண்ணீரே குடிக்கவில்லை. காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே திருவிடைமருதூர் பஸ்ஸில் திரும்பிப் போகும். "குடிச்சாத்தானே போகணும்" என்பாய், பெரிய கண்டுபிடிப்பு போல. எத்தனை சண்டை போட்டேன் உன்னிடம். இன்னும் எனக்கு உன் மேல் ஆத்திரம் தீரவில்லை.

ஜுரத்தோடும் வேலைக்கு வந்தாய். உனக்குச் சர்க்கரை வேறு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். "எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலைங்க. உங்ககிட்டயாவது சொன்னாளா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். வெட்கத்தினால் செத்தாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? டீம் லீடரும் மாலையோடு வந்திருந்தான். "எல்லாரும் ஹெல்த்தைப் பார்த்துக்கணும்" என்று அதே வாயால் சொன்னான்.

டம்ளர் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பெட்டி போகவில்லை. இன்று எனக்கு முட்டிக்கொண்டு வந்தபோது எழுந்து போனேன், நிதானமாகத் திரும்பி வந்தேன். பெட்டி காரணம் கேட்டது. மற்றவர்களைப் போல 'பர்சனல்' என்று எழுதவில்லை. 'ஒன்றுக்குப் போனேன்' என்று எழுதினேன். சாயங்காலம் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவன் என் பெயரில் நின்றான்.

"சத்தமா வாசிங்க சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் அதை வாசிக்காமலே அடுத்த பெயருக்குத் தாவிவிட்டான். இவ்வளவுதான்டி அவன். இவனுக்குப் பயந்தா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?