ததிக்கு ஒரு தனி அடுப்பு

திருப்பதி
ஆவணி 18

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கடாக்ஷத்தில் இங்கே நான் யார் கையையும் பிடிக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன், ஹாம்பர்க்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எண்ணியே எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நான் மீன் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிறேன் என்றுதான் உன் சித்தி குமுதவல்லி திருச்சானூரில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள், அப்பா போனதிலிருந்து எனக்குப் புத்தி நிலையில் இல்லை என்பதும் அதோடு சேர்ந்து வருகிறது. இரண்டும் பொய். உண்மை என்னவென்றால் நான் மீன் சமைக்கிறேன், கோழியும் சமைக்கிறேன். சாப்பிடுவது நம் பூனை ததி. எழுபத்து நான்கு வயதில் இதை எழுத எனக்குக் கை கூசவில்லை, ஆனால் காரணத்தை இதுவரை உறவில் யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ததியை உனக்குத் தெரியும், போன தடவை நீ ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. அப்பா அதைக் குட்டியாகக் கோயில் நந்தவனத்திலிருந்து உத்தரீயத்தில் சுற்றி எடுத்து வந்தபோது அகத்தில் இருந்தது தத்யோதனம், பெருமாள் பிரசாதத் தயிர்சாதம்தான், அதை நக்கித் தின்றதால் அந்தப் பெயர். அன்று முதல் அவர் தட்டில் கை வைக்கும் முன் அதற்கு ஒரு கவளம் தயிர்சாதம் போட்டாக வேண்டும். நாற்பது வருஷம் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவித்தவருக்குத் தன் பூனையும் சைவ உணவோடு நிற்கிறது என்பதில் சின்னக் குழந்தையைப் போல ஒரு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் எங்காத்துப் பூனை எலியை ஏறெடுத்துப் பார்க்காது என்பார். அது கொல்லைப் பக்கம் போய்ப் பல்லியும் அணிலும் பிடித்துத் தின்றது எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஏகாதசியன்று அணில் குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு நேரே துளசி மாடத்துப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தது, அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கொல்லைக்கு வலைக்கதவு போட்டவள் நான்தான். அப்பா போன பிறகு அந்தத் தயிர்சாதத்தை ஒரு வேளை தவறாமல் அவர் போட்ட அதே தட்டில் போட்டு வந்தேன். அவருக்குச் செய்கிற மாதிரியே இருந்தது.

சித்திரை வாக்கில் அது சுவரோரமாகவே நடக்க ஆரம்பித்தது. கூடத்தில் அவர் உட்காரும் பலகைக்கு நேரே போய் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ததி அப்பாவைத் தேடுகிறது என்று உன்னிடம் போனில் சொன்னேன். அதையும் திருத்த வேண்டும் வேங்கடேஷ், அது அவரைத் தேடவில்லை, அதற்குக் கண் தெரியவில்லை. ஒரு நாள் படி தவறி விழுந்து நொண்டியபோதுதான் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன், பிரீத்தி என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். காலைப் பார்த்தவள் டார்ச் அடித்துக் கண்ணையும் பார்த்துவிட்டு, அம்மகாரு, இதுக்கு என்ன சாப்பாடு போடறீங்க என்றாள். நான் பெருமையாகவே சொன்னேன். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, பூனைக்குக் கறியிலயும் மீனிலயும் இருக்கிற ஒரு சத்து இல்லேன்னா கண்ணு போயிடும் அம்மா, அப்புறம் இருதயம் போயிடும், முன்ன வெளிய போய்த் தானா பிடிச்சுச் சாப்பிட்டிருக்கும், கதவு அடைச்சப்புறம் அதுக்கு ஒண்ணுமே கிடைக்கல என்றாள். போன பார்வை திரும்புமா என்று கேட்டேன், திரும்பாது, இருக்கிற கொஞ்சத்தையும் இருதயத்தையும் காப்பாத்தலாம் என்றாள். ஆட்டோவில் வரும்போது அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு குர்குர் என்றது. தடவிக்கொடுக்கிற கைதான் கதவை அடைத்த கையும் என்று அதற்குத் தெரியாது.

டாக்டர் கொடுத்த கடைத் தீனியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, அந்தச் சத்துக்காகக் கொடுத்த மருந்துப் பொடியைத் தயிர்சாதத்தில் கலந்தால் சாதத்தையே விட்டுவிட்டது. வாசனையுள்ளதாக ஏதாவது வீட்டிலேயே செய்து அதில் பொடியைச் சேர்த்துப் பழக்குங்கள் என்றாள். வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மாளிடம் சொன்னேன். இன்னா மாமி, பூனைக்குப் போயி தெனம் தயிர் சோறு போட்டா அது இன்னா பண்ணும், பூணூலா போட்டுக்கும் என்று சிரித்துவிட்டு, நீ கைய வெக்காத, நான் ஊட்லயே ஆக்கிக்கினு வந்துர்றேன் என்றாள். மூன்று நாள் கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் ததி வாந்தி எடுத்தது. என்ன போட்டாய் என்று கேட்டால், வெங்காயம் பூண்டு இல்லாம மீனு எப்புடி மாமி வாயில வெக்கிறது, கவிச்சி அடிக்காதா என்றாள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்று டாக்டர் தனியாக எழுதியே கொடுத்திருந்தாள், நான்தான் அவளிடம் சொல்ல மறந்தேன், நம் அகத்தில் அந்த இரண்டும் நுழைவதில்லை என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் மேல் தவறில்லை. ஆனால் அன்று ஒன்று உறுத்திற்று. செய்தது நான், பிராயச்சித்தத்தை மட்டும் அவள் அடுப்பில் ஏற்றிவிட்டு நான் சுத்தமாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம். பாவம் என்றால் அது என்னுடையது, என் கையாலேயே ஆகட்டும் என்று அடுத்த நாள் ஆரம்பித்தேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனைப் பிசைந்தேன், கங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தாண்ட பாத்துக்கினே பிசைஞ்சா முள்ளு எப்புடி மாமி தெரியும், தொண்டையில மாட்டிக்கினா பெருமாளா வந்து எடுப்பாரு என்றாள். திரும்பிப் பார்த்துப் பிசைந்தேன். பிறகு போய்க் குளித்தேன்.

எப்படிச் செய்கிறேன் என்பதையும் எழுதுகிறேன், சித்தி சொல்வதற்கும் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நீயே பார்த்துக்கொள். சித்தூர் கான்வென்டில் எங்களுக்குச் சமையல் பாடம் எடுத்த சிஸ்டர், அளவு எழுதாத பெண்ணின் நோட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார், அதனால் அளவோடு எழுதுகிறேன். எலும்பில்லாத கோழி நூறு கிராம், அல்லது முள் எடுத்த மீன் அதே அளவு, உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் நன்றாக வேகும்வரை விட வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, ஆறியதும் விரலால் நாலு தடவை தடவிப் பார்த்து நைய மசிக்க வேண்டும். வேகவைத்த பறங்கிக்காய் ஒரு ஸ்பூன், பொடித்த ஓட்ஸ் ஒரு ஸ்பூன், நன்றாக அடித்த முட்டை பாதி, இவற்றைச் சேர்த்துப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டித் தட்டி இட்லித் தட்டில் பத்து நிமிஷம் ஆவியில் வைத்தால் போதும். ஆறிய பிறகுதான் மருந்துப் பொடியைத் தூவ வேண்டும், சூட்டில் போடக் கூடாது. அதன் மேல் கடைத் தீனியையும் கொஞ்சம் நொறுக்கித் தூவி வைத்தேன், இப்போது அந்த வாசனை பழகி அதையும் தனியாகச் சாப்பிடுகிறது. ஒரு நாளைக்கு நாலு உருண்டைக்கு மேல் கிடையாது, இது நொறுக்குத் தீனி, வயிற்றுக்கான சாப்பாடு கடைத் தீனிதான். நம் ஃபிரிட்ஜில் வைக்க மாட்டேன், ஆகையால் அன்றன்றைக்குப் புதிதாகத்தான், மிச்சம் கங்கம்மாள் தெருப் பூனைகளுக்குக் கொண்டுபோகிறாள். இவ்வளவும் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில், தனி மின் அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கத்தி. பெருமாளுக்குத் தளிகை ஆகி நானும் சாப்பிட்டு முடித்த பிறகு பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போகிறேன், முடித்துக் குளித்த பிறகே உள்ளே வருகிறேன். தளிகை பண்ணும் சமையல் உள்ளில் அந்தக் கத்திகூட நுழைந்ததில்லை. ததி இப்போது ரோமம் பளபளக்க இருக்கிறது, சித்திரையிலிருந்து இருந்த மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, என் புடவைச் சரசரப்பைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வருகிறது. பார்வை திரும்பவில்லை.

குமுதவல்லி வந்த அன்று நான் பின்கட்டில் இருந்தேன். மூக்கைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, மன்னி இதென்ன நாத்தம், அண்ணா இருந்தா இந்த அகத்துல இப்படி நடக்குமா என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் உன் அண்ணா பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விஷயத்தினால்தான் இதற்குக் கண் போயிற்று என்று சொல்ல வேண்டும், அவர் பெயரை அவள் வாயில் போட்டுக் கொடுக்க நான் தயாராக இல்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன், அதுதான் இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது. மறுநாள் அவள் அகத்துக்காரர், உன் சித்தப்பா ஜகந்நாதன் வந்தார். ஐப்பசியில் வரும் அண்ணாவின் வருஷாப்திகத்தை, முதல் வருஷத் திதியை, இந்த அகத்தில் பண்ண முடியாது, இலையில் உட்கார எவனும் வரமாட்டான், மடத்தில் ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்றார். வேண்டுமானால் பூனையை அனுப்பிவிடுங்கோ, அலிபிரி பக்கம் விட்டுட்டா நடந்து மலை ஏறறவா ஏதாவது போடுவா, பெருமாள் காலடியில பொழைச்சுக்கும் என்றார். கண் தெரியாததை அங்கே நாய்களுக்கு நடுவில் விடுவதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். பூனையா அண்ணாவா, யாருக்கு மன்னி தளிகை பண்ணப் போறேள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று மாலையே உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது, சித்தப்பா சொல்றபடி செஞ்சுடும்மா, எதுக்கு வம்பு என்று. நீ காரணம் தெரியாமல் எழுதினாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ததி இங்கேதான் இருக்கும், அதில் மாற்றமில்லை. அப்பா உயிர் போனது கூடத்துத் தெற்குச் சுவரோரத்தில், அவருக்கு முதல் வருஷச் சாதம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில், என் கையால் ஆன தளிகையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மேல் ஆசை எதுவும் எனக்கில்லை. நேற்று நானே திதி பண்ணிவைக்கும் வாத்தியாரிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, பின்கட்டு வேற, தளிகை உள் வேற மாமி, என் மனசுக்கு ஒரு தோஷமும் படல, ஆனா உங்களுக்கும் ஜகந்நாதனுக்கும் நடுவுல நான் வந்து நிக்க முடியாது, காரியம் பண்ற கர்த்தா உங்க பிள்ளை, இந்த அகத்துலதான்னு அவர் கைப்பட எழுதி அனுப்பட்டும், இலையில உட்கார ஸ்வாமிகளை நான் அழைச்சிண்டு வரேன் என்றார். ஆகவே இது இப்போது என் கையிலும் இல்லை, சித்தப்பா கையிலும் இல்லை. நீ மடத்தில்தான் பண்ண வேண்டும் என்று தீர்மானித்தாலும் உன்னைக் கோபிக்க மாட்டேன், பிள்ளை எங்கே கொடுத்தாலும் அப்பாவுக்குப் போய்ச் சேரும். ஆனால் நான் அங்கே வரமாட்டேன், அதை இப்போதே தெரிந்துகொள்.

குளிர் ஆரம்பிக்கும் முன் கழுத்துக்குக் கம்பளி வாங்கிக்கொள், ராத்திரி கணினி முன் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டு தூங்கிப் போகாதே, ஒரு குக்கர் சாதமாவது வைத்துக்கொள். டிக்கெட் எடுக்கும்போது திதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேரும்படி எடு, போன தடவை மாதிரி விமானத்திலிருந்து நேரே மணையில் வந்து உட்காராதே. பெருமாளும் தாயாரும் உன்னை எப்போதும் ரக்ஷிக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

போனில் கூப்பிட வேண்டாம், போனில் நீ சரிம்மா சரிம்மா என்பாய், எதற்குச் சரி என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அகத்திலா, மடத்திலா என்று ஒரு தாளில் உன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, இது கையில் கிடைத்த வாரமே தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
ப்ரியம்வதா