சிரிக்காமல் எழுந்து வந்தவன்

என் தங்கத் தம்பி தேசிங்கு,

நீ இருக்கிற இடம் குளிராமல் இருக்கிறதா? இங்கே காற்று திரும்பிவிட்டது. படகுகளைக் கரைக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். உன் படகைத் தவிர. அதை யாரும் தொடவில்லை, நான் தொடவும் விடவில்லை.

நீ பிணமாக நடித்த படம் வந்துவிட்டது. செங்கல்பட்டில் ஓடுகிறது. நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். என் மகன் செல்வம் வேண்டாம் என்றுதான் சொன்னான். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது, சொல்.

படகு மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்த நாளிலிருந்து நான் அழவில்லை. உனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கருமாதி செய்ய வேண்டியது என் வீடுதான். உடம்பு கிடைக்காவிட்டால் மாவில் உருவம் பிடித்துக் காரியம் செய்யலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். முகத்தைப் பார்க்காமல் செய்யவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"யம்மா, மாமா இனிமே வராது. நீ கரையிலயே குந்திகினு இருந்தா ஆச்சா?" என்று செல்வம் தினமும் கேட்கிறான். கேட்டுவிட்டு அவனும் கடலைத்தான் பார்க்கிறான்.

அந்தப் படப்பிடிப்பு நாளை நான் மறக்கவில்லை. காலையில் கேமராவுக்குச் சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். உன் இடுப்பில் கயிறு கட்டி, அலை உன்னைக் கொண்டுவந்து தள்ளுகிற மாதிரி இழுத்தார்கள். மூச்சு விடாதே, வயிறு தெரிகிறது என்று டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தான். சாயங்காலம் நீ நடுங்கிக்கொண்டு எழுந்தபோது மேக்கப் போடுகிறவர்தான் சொன்னார், பிணமாக நடித்தவன் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும், அதையும் படம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாவு ஒட்டிக்கொள்ளும், அதுதான் சினிமாக்காரர் வழக்கம் என்று.

வெளிச்சம் போய்விட்டது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்றான் டைரக்டர். காலையில் பூசணிக்காய் உடைத்தானே, அது என்னவாம்? நான் சண்டைக்குப் போனேன். நீதான் என் கையைப் பிடித்தாய்.

"வுடுக்கா. நாளிக்கி சிரிச்சிக்கறேன். சிரிப்பு இன்னா மீனா, கெட்டுப் பூட?"

மறுநாள் அவர்கள் மதுராந்தகம் ஏரிக்குப் போய்விட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை.

கடலுக்குப் போனவன் செத்ததற்குச் சினிமாவா காரணம் என்று செல்வம் கேட்கிறான். எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் ஆறிவிடுமா?

படத்தில் மூன்று திருடர்கள். ஐஸ் பெட்டிக்குள் உன்னை வைத்துக்கொண்டு எங்கே தொலைப்பது என்று அலைகிறார்கள். செங்கல்பட்டு ரயில் நிலையம் வந்ததும் தியேட்டரில் ஒரே விசில். முட்டுக்காட்டில் உன்னைத் தண்ணீரில் போடப் போனால், படகில் வந்த குடும்பம் அவர்களையே போட்டோ எடுக்கச் சொல்கிறது. கடைசியில் நம் கரைக்கு வந்து கடலில் தள்ளுகிறார்கள். அலை உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து அவர்கள் காலடியிலேயே போடுகிறது. மறுபடி தள்ளுகிறார்கள், மறுபடி நீ வருகிறாய். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

"பொணம் இன்னாமா ஆக்ட் வுடுது பாரு மச்சான்" என்றான் என் பின்னால் இருந்தவன்.

செல்வம் எழுந்துவிட்டான். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். பின்னால் இருந்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ யாரென்று அவனுக்குத் தெரியாது.

கடைசியாக நீ வந்து விழுந்தபோது முகத்தைப் பக்கத்தில் காட்டினார்கள். கண் மூடியிருந்தது. மூக்கோரம் மணல். அப்புறம் உடம்பு முழுவதும் தெரிந்தது. வயிறு ஏறி இறங்கியது, தேசிங்கு. டைரக்டர் அவ்வளவு கத்தியும் நீ மூச்சு விட்டிருக்கிறாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உயிரோடு இருந்தவனைப் பிணம் என்று திரும்பத் திரும்பத் தந்த கடல், பிணத்தை ஒரு தடவைகூடத் தரவில்லையே. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் சிரிக்கும்போது என் குரல் யாருக்குக் கேட்கும்? செல்வம் என் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது, கருமாதிக்கு நாள் பார்க்கச் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாவுருவத்தை நான்தான் பிடிப்பேன். வேறு யார் கையும் படவிட மாட்டேன். அதைக் கடலில் விடுவதற்கு முன், நீ நாளைக்கு என்று சொல்லி வைத்துவிட்டுப் போன சிரிப்பை உனக்காக நான் சிரிப்பேன். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வருமா, தெரியாது. வராவிட்டாலும் கடலைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அந்த டைரக்டரை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அதுவும் உனக்காகத்தான்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
உன் அக்கா அஞ்சலை