நிழலுக்கும் பாடு உண்டு

கோட்டைக்குப்பம்
தை மாசம் 12

என் மகன் நீலமேகத்துக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உன் நைனாவும் எல்லையம்மன் புண்ணியத்துல சுகம், மஸ்கட்டுல நீயும் மருமகளும் என் பேத்தியும் அப்படியே இருக்கணும். சுகம்னு எழுதிட்டேனே தவிர மனசு கொதிக்குது. டென்னிஸ் பாக்கப் போன எடத்துல குடும்ப மானத்தை வாங்கிட்டேன்னும், ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட மேனேஜர் சம்சாரம் ஏரி பாக்க வரும்போது மன்னிப்பு கேட்டுடுன்னு ஃபோன்ல சொன்னியே, உன் தங்கச்சி பூபதி சொன்னதை மட்டும் கேட்டுட்டுச் சொல்ற. நடந்ததை நான் எழுதுறேன், முழுசாப் படி.

மாப்பிள்ளை தனசேகருக்கு அவர் மேனேஜர் மூணு டிக்கெட் குடுத்தாராம், பெரிய போட்டி, பல தேசத்துக்காரங்க ஆடுறாங்க, வாங்க அத்தைன்னு பட்டணத்துக்குக் கூப்பிட்டாரு. புதுச் சேலை கட்டிக்கினு போனேன். எங்களுக்கு வெயில் பக்கம், மூணு மணி வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. எதிர்ப் பக்கம் கூரை போட்டு நிழல், மேனேஜர் வீட்டுக்காரங்க அங்க. ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பூநாரை மாதிரி நெட்டையா ஒருத்தன் எங்க போட்டாலும் எட்டி எட்டி அடிச்சான். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் எடம் மாத்திக்கினாங்க. ஏன்னு கேட்டேன். காத்தும் வெயிலும் ஒருத்தனையே வாட்டக்கூடாது, அதுக்கு முறை வெச்சிருக்காங்க அத்தைன்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு. இது நம்ம ஏரியில வலை போடுற பாடு முறை மாதிரின்னு எனக்கு ஒரே சந்தோஷம். நேத்து முகத்துவாரத்துகிட்ட வலை போட்டவன் இன்னிக்கு சேத்துப் பக்கம் போறான்ல, நல்ல எடம் எவனுக்கும் சொந்தமில்ல, முறை முடிஞ்சா எழுந்து போயிடணும். அடுத்த தடவை அவங்க மாறினப்ப ஜனங்களும் எழுந்து நடமாடினாங்க. பாக்கிறவங்களுக்கும் பாடு மாறுதுன்னு நானும் எழுந்து எதிர்ப் பக்கம் போய்க் காலியா இருந்த நாற்காலியில உட்கார்ந்தேன். அது மேனேஜர் சம்சாரத்தோடதாம், காபி வாங்கப் போயிருந்தாங்களாம். வந்து நின்னு, யாரும்மா நீ, எழுந்திருன்னாங்க. நான் மரியாதையாத்தான் சொன்னேன், இவ்ளோ நேரம் நீங்க நிழல்ல இருந்தீங்க, இப்ப எங்க முறை, அந்தாண்ட என் எடம் காலியாத்தான் இருக்கு, போங்கன்னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. காவக்காரன் வந்து முழங்கையைப் பிடிச்சு எழுப்பினான். அதுகூடப் பரவாயில்ல. மாப்பிள்ளை ஓடி வந்து, மன்னிச்சுக்குங்க மேடம், ஏரிக்கரை ஜனம், விவரம் பத்தாதுன்னாரு பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியல. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவதான், ஆனா ஆடுறவனுக்கு முறை வெச்சுட்டுப் பாக்கிறவனுக்கு வைக்க மறந்தவங்களைவிடவா எனக்கு விவரம் பத்தல. டிக்கெட்டுல நம்பர் போட்டிருக்கேம்மான்னு அன்னிக்கு பூபதி சொன்னா. நம்பர் போட்டா வெயில் சுடாதா. உன் நைனா வேற, பாடு கேக்கப் பட்டணம் போனவ வந்துட்டாடான்னு கரையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு, ரெண்டு நாளா அவர் தட்டுல நான் மீனே வைக்கல.

பூபதி பத்து நாளா என்கிட்ட பேசல, அதான் வலிக்குது. என்னால அவ வீட்டுல சண்டை வேணாம். ஞாயித்துக்கிழமை வரட்டும், நண்டு வறுத்து என் கையாலயே பரிமாறுறேன், வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுறேன். மன்னிப்பு மட்டும் என் வாயில வராது.

நீ வெயில்ல வேலை செய்றவன், மோர் நிறைய குடி. பேத்திக்கு வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் வைக்கச் சொல்லு. நீங்க மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும், அம்மன் காவல் இருப்பா. மறக்காம ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு முன்கூட்டியே சொல்லி வை. நம்ம படகுல தார்ப்பாய் பாதிக்குத்தான் கட்டியிருக்கு. போகும்போது அந்தம்மா நிழல்ல உட்காரட்டும், விருந்தாளி. திரும்பும்போது என் முறை.

உன்னைப் பெத்த
செல்வம்மாள்