மாடத்தி எடுத்துக் கொடுத்த தாலி

தாராவி, பம்பாய்
1968 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் நெல்லையப்பனுக்கும் மதினிக்கும் தங்கை தங்கமயில் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே விடாத மழை, முழங்கால் மட்டும் சகதி, மற்றபடி எல்லாரும் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட், அதனால் பகலெல்லாம் குறட்டை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுகிறேன். மூணாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தால் மதினியிடம் கொடுங்கள், உங்களைவிடப் பொறுமைசாலி.

நான் சண்டைக்கு எழுதவில்லை. நம் கடைசித் தங்கச்சி மாடத்தி, தான் பெற்ற மகள் பூமாரியின் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். என் வாய்க்கு அசையாதவள் இல்லை, இந்தத் தடவை அசையவில்லை. அவளை எழுப்ப உங்களால்தான் முடியும்.

தாலியறுத்தவள் முன்னால் வந்து நின்றால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மாடத்திக்கு எழுதிவிட்டு, கல்யாணத்துக்கு நீங்களும் வராததால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாராவது வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மன்றத்துக்கு முன்னால் சந்து முழுக்க அடைத்துப் பந்தல். மன்றம் என்றால் நம் பையன்கள் கூடிப் பேப்பர் படிக்கிற தகரக் கொட்டகை. வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தார்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. தலைவர் பேசுவார், மாலை மாற்றுவார்கள், தலைவர் எடுத்துக் கொடுக்கிற தாலியை மாப்பிள்ளை கட்டுவார், முடிந்தது. நம் ராஜ்யத்தில் இதற்குச் சட்டமே வந்தாச்சாம். அது மெட்ராஸோடு சரி, பம்பாய்க்குச் செல்லாது என்பதால் பதிவு ஆபீசிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தியையே ரெண்டு தரம் கட்டுகிற மாப்பிள்ளை என்று இசக்கிமுத்துவைக் கேலி செய்தேன். பாவம், காதெல்லாம் சிவந்துபோயிற்று. தங்கமான பையன் அண்ணே, செம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிட்டர்.

தலைவர் கணேசபாண்டியன், மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். புருஷனை இழந்த பெண்களை மூலையில் உட்கார வைக்கிற கொடுமையைப் பற்றி அன்றைக்கும் அருமையாகத்தான் பேசினார், நானும் கை தட்டினேன். பேசி முடித்துத் தாலியை எடுத்தார். பூமாரி தலையைக் குனியவில்லை. எங்க அம்மா எடுத்துக் கொடுக்கட்டும் என்று அமைதியாகச் சொன்னாள்.

மன்றத்துக்காரர்களே பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். வாரா வாரம் இதையேதான் பேசுகிறார்கள், ஆனால் தாலித் தட்டு கிட்டே வரும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது. இசக்கிமுத்துவின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போதுதான் நான் மாடத்தியைத் தேடினேன். அவளோ, தன் நிழல்கூட மகள் மேல் விழக்கூடாது என்று விடிந்ததிலிருந்தே பின்னால் சமையல் கொட்டகையில் பதுங்கி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நானும் அவளோடு தோல் கிடங்கில் வேலை பார்க்கிற நஜ்முன்னிசாவும் கூப்பிட்டுப் பார்த்தோம், இழுத்துப் பார்த்தோம். பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். பெரிய அண்ணன் வேண்டாம்னு எழுதியிருக்காரே, நான் வந்தா அந்தப் புள்ள வாழுமா என்று அழுதாள்.

வெளியே சலசலப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தால், பூமாரி மாலையும் கழுத்துமாய் மேடையிலிருந்து இறங்கி, இசக்கிமுத்து கையைப் பிடித்துக்கொண்டு, சகதியில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே சமையல் கொட்டகைக்குள் வந்து நிற்கிறாள்.

“நீ அங்க வராட்டா நாங்க இங்க வாறோம்மா. அடுப்படியிலயே கட்டிக்கிடுதோம்.”

அண்ணே, பந்தலே எழுந்து வந்தது. நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மைக் ஒயர் கொட்டகை வரைக்கும் எட்டவில்லை. கணேசபாண்டியன் பேச்சில்லாமல் நிற்பதைத் தாராவி முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தது. ஆனால் அந்த மனுஷரையும் சொல்லவேண்டும். தாலித் தட்டை மாடத்தி முன்னால் நீட்டி, இத்தனை வருஷம் நான் பேசினேன், நீங்க செய்யுங்கம்மா என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

மாடத்தி என்னைப் பார்த்தாள், சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினாள். அரிசித் தண்ணீர் சொட்டுகிற கையை நஜ்முன்னிசா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். மாடத்தி தாலியை எடுத்தாள். மாப்பிள்ளை கையில் கொடுத்தாள், அவன் கட்டினான். குலவை போடத் தெரிந்த பெண்களெல்லாம் வாயடைத்து நிற்க, நானே போட்டேன். என் குலவையைக் கேட்டுக் குதிரை மிரளும் என்று நீங்கள் சின்னதில் சொல்வீர்களே, அதே குலவை.

இந்த அளவோடு இருந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். கல்யாணமான மறு வாரம் ஒர்க்‌ஷாப்பில் இரும்புப் பாளம் சரிந்து இசக்கிமுத்துவுக்குப் பாதத்தில் அடி. எலும்பில் கீறல், கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆடி முடிவதற்குள் நடந்துவிடுவான் என்கிறார் டாக்டர். அவன் பக்கத்தில் நின்றவனுக்கும்தான் கால் நசுங்கியது. அவனுக்கு நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, ரெண்டு ஐயர் வைத்துக் கல்யாணம் நடந்தது, இரும்புக்கு அதெல்லாம் தெரியவில்லை. இதை மாடத்தியிடமும் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. என் கை பட்டதாலேதான் என்கிறாள். அண்ணன் சொன்னது பலிச்சிருச்சு என்கிறாள்.

பூமாரி இப்போது குடியிருக்கிற தேவ்நாரிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள். அம்மா வந்து ஒரு வாய் சோறு போடு, அவருக்கு உன் கைக் குழம்புதான் இறங்குது என்கிறாள். சம்பந்தியம்மாளே மழையில் நனைந்து வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். என் மகன் உசிருக்கு வரவேண்டியது காலோடு போச்சு, உன் கைராசிதான் என்று அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு எனக்கே கண்ணு நிறைந்துபோயிற்று. மாடத்தி மட்டும் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கில் அத்தனை தோல் மூட்டையைத் தூக்குகிற கை அண்ணே அது. ஒற்றை ஆளாய் ஒரு பெண்ணை வளர்த்து, எட்டாவது வரை படிக்கவைத்த கை. அன்றைக்கு அந்த அடுப்படியில் அவள் நின்ற நிலையைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பின்னால் பிறந்தவள் என்றே தோன்றவில்லை. ஆனால் அவளுக்கு அது தெரியவில்லை.

உங்கள் கொள்கையை மாற்றச் சொல்லவில்லை. சீலையும் வேண்டாம், சீரும் வேண்டாம். ஒரே ஒரு கார்டு போடுங்கள். ‘மாடத்தி, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை, பிள்ளைகளைப் போய்ப் பார்’ என்று மட்டும் எழுதுங்கள். நான் சொன்னால் கேலி என்று நினைக்கிறாள், கணேசபாண்டியன் சொன்னால் கூட்டத்துப் பேச்சு என்று நினைக்கிறாள். உங்கள் சொல் ஒன்றுதான் அவளுக்குச் சொல்.

அவள் புருஷன் போன அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் தோளில் போட்டது நீங்கள்தான் அண்ணே. போட்டுவிட்டு வேலிப் பக்கம் போய் நின்று நீங்கள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கையால்தான் இந்தக் கார்டும் வரவேண்டும்.

மதினியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரன் வருகிற பாதையைப் பார்த்திருக்கும்,
தங்கை தங்கமயில்