நாலாம் நம்பர் பனியன்

ராஜபாளையம்,
12.1.1996

அன்புள்ள மாப்பிள்ளை தனுஷ்கோடிக்கு,

பேருக்கு நலம். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சுளுக்கு என்று நம்பி மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவினேன். மதுரையில் ஸ்கேன் எடுத்தால், தோள்பட்டைக்குள் நீர்க்கட்டியாம். அது நரம்பை அமுக்கி, முதுகுப் பக்கத்துச் சதையை வற்ற வைத்துவிட்டதாம். அந்த இடம் குழி விழுந்து கிடக்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷன்.

அது கிடக்கட்டும். மில் வாலிபால் டீமில் என் இடத்தில் உன்னை இறக்கியிருக்கிறார்களாமே? என் நாலாம் நம்பர் பனியனையே மாட்டிக்கொண்டு அடிக்கிறாயாமே? ஊரெல்லாம் வந்து சொல்கிறது, நீ சொல்லவில்லை. வயிறு எரிகிறது. போன மாதம் நீ வந்து சாப்பிட்டுப் போனதும், "அந்த அண்ணன் கண்ணுதான் பட்டிருக்கு" என்று என் வீட்டுக்காரி அழகுத்தாய் எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். நானும் அவள் சுற்ற வாகாக உட்கார்ந்து கொடுத்தேன்.

ஐயாதுரை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.1.1996

அன்பு மச்சானுக்கு,

அடுப்பில் போட்ட மிளகாய் நெடி அடித்ததா? அடித்திருந்தால் என் கண் படவில்லை. அடிக்காவிட்டால் நான் மறுக்க மாட்டேன். நீ எம்பி அடிக்கும்போதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பொருமினவன்தான். ஆனால் உன் கை விழ நினைத்ததில்லை.

பனியன் மட்டும் இல்லை மச்சான், அதனால்தான் வாய் வரவில்லை. "ஐயாதுரைக்கு இனி ஆட்டம் ஏலாது, அவன் வேலையும் உனக்குத்தான்" என்கிறார் மானேஜர். ஆட்டக்காரனுக்கென்று கொடுத்த ஆபீஸ் நாற்காலியிலிருந்து உன்னை நூற்பு ஷிப்டுக்கு மாற்றுவார்களாம். முன்சீப் கோர்ட் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது பெரிய வேலை. ஆனாலும் நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உடம்பு தேறியதும் நீயே சொல்.

தனுஷ்கோடி

ராஜபாளையம்,
9.3.1996

மாப்பிள்ளை,

கட்டியை எடுத்துவிட்டார்கள். நரம்பு பிழைத்தது. நேற்று சட்டையை நானே மாட்டினேன், அழகுத்தாய் அழுதுவிட்டாள். வற்றின சதை முழுசாகத் திரும்பாதாம். பந்தை ஓங்கி அடிப்பதை மறந்துவிடச் சொல்கிறார் டாக்டர்.

அன்று நெடி அடித்தது. வீடே தும்மியது. தெரிந்தேதான் உன் மேல் பழி போட்டு எழுதினேன்.

வேலையை எடுத்துக்கொள். "அவனை விட்டா ஆளில்ல சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மானேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். பனியனையும் வைத்துக்கொள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கு அழகுத்தாய் வருவாள், நான் வரவில்லை. ஜெயித்துவிட்டு வீட்டுப் பக்கம் வந்துவிடாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

கை இப்போது தலைக்கு மேல் எழும்புகிறது. உனக்குக் கைதட்டத்தான் வரமாட்டேன் என்கிறது.

ஐயாதுரை