யார் மனமும் நோகாத வைத்தியம்

அன்பு மகள் சின்னிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். இந்த நலம் என்ற சொல்லை வழக்கம்போல் தாண்டிப் போய்விடாதே, கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் வந்தால் உன் அப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்ன பேசுவது. உன் மாமா அடுத்த வாரம் அங்கே வருகிறான், அவன் பெட்டியில்தான் இதை வைத்து அனுப்புகிறேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. எறும்பு கடித்ததை அவன் பாம்பு கடித்ததாகச் சொல்லுவான்.

போன வருடம் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். அதோடு விட்டாரா உன் அப்பா, நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள் என்று ஒரு மூலிகை வைத்தியரையும் போய்ப் பார்த்தார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்களே, அந்தக் கதைதான். வைத்தியர் நல்ல மனிதர். அளவாகச் சாப்பிடு, மென்று சாப்பிடு, காலையில் நட, ராத்திரி சீக்கிரம் படு என்று நாமெல்லாம் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னதையே அவரும் சொன்னார். நாம் சொன்னபோது காதில் ஏறவில்லை, அவர் தாடியை நீவிக்கொண்டு சொன்னதும் ஏறிவிட்டது. டீக்குச் சர்க்கரை நின்றது, மாலையில் கடைக்கு வரவழைத்துத் தின்னும் பொரித்த சமாச்சாரமெல்லாம் நின்றது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள், இவர் அறுபத்தாறில் வளைந்தார், வளைந்த வேகத்தைப் பார்த்து எனக்கே சந்தேகமாக இருந்தது. கசப்பாக ஒரு கஷாயமும் உண்டு, காய்ச்சினால் வீடு முழுக்க ரப்பர் எரிகிற வாடை. அதையும் முகம் சுளிக்காமல் குடித்தார். இதில் எனக்கும் ஒரு லாபம், தனியாக நடக்கக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

இதில் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா. டாக்டரம்மாவிடம் கஷாயத்தைச் சொல்லவில்லை, வைத்தியரிடம் மாத்திரையைச் சொல்லவில்லை. எதற்கு ஒருவர் மனதை நோகடிக்க வேண்டும் என்ற மரியாதை. உன் அப்பாவைத் தெரியாதா உனக்கு, பக்கத்துக் கடைத் தையல்காரர் சட்டையைச் சின்னதாகத் தைத்துவிட்டால் சொல்லாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொள்பவர். சர்க்கரை இறங்கியது, டாக்டரம்மா மாத்திரை நல்லா கேக்குது என்றார், வைத்தியர் கஷாயம் வேலை செய்யுது பாத்தீங்களா என்றார், அப்பா இரண்டு இடத்திலும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். நானோ இரண்டு பேரிடமும் எல்லாம் சொல்லியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கடையில் ஒரு பஸ் டிரைவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டவர், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அந்தச் சோதனைக் கண்ணாடியோடு, சார், இப்ப எழுத்து தெரியுது, உங்களத்தான் காணோம் என்றாராம். தையல்காரர் ஓடி வந்து, இது சர்க்கரை இறங்கினதுதான் என்று தன் டீயில் இன்னும் சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வெயில் ஜாஸ்தி என்றார். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், இவர் புளுகு சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. கடையில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த தையல்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்புறம் நான் குடைந்து கேட்டதில் இரண்டு பேரிடமும் மறைத்த கதையும் வெளியே வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து வைத்தியருக்குப் போன் போட்டு அந்த அம்மா கையில் கொடுத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களை இணைத்தே ஆயுசில் பாதியைக் கழித்தவள், எனக்கு இது ஒரு பெரிய காரியமா. முதலில் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டார்கள். சேர்ந்து அப்பாவைத் திட்ட ஆரம்பித்ததும் ராசியாகிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுறது தெரிஞ்சிருந்தா அந்தக் கஷாயத்தக் குடுத்தே இருக்க மாட்டேன், உடனே நிறுத்தச் சொல்லுங்க என்றாராம் வைத்தியர். டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரையையும் குறைத்தார், சாப்பாடும் நடையும் இப்படியே இருக்கட்டும், வெறும் வயித்துல மட்டும் நடக்காதீங்க, பையில மிட்டாய் வச்சுக்குங்க என்றார். ஏன் சார் எங்கிட்ட சொல்லல என்று கேட்டதற்கு உன் அப்பா, நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

இனிதான் உனக்குச் சொல்ல வந்தது. இதைக் கேட்டதும் நீ கொதிப்பாய். போனை எடுத்து, போதும்ப்பா, இந்த வயசுல நடையும் வேண்டாம் வைத்தியமும் வேண்டாம், பேசாம வீட்ல உக்காருங்க என்பாய். நீ சொன்னால் அவர் கேட்டுவிடுவார், அதுதான் என் கவலை. இந்த வயசுல எதுக்குப்பா சைக்கிள் என்று ஒரு தடவை கேட்டாய், மறுநாளே சைக்கிளைத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தார், உன் மனம் நோகக்கூடாதாம். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நீ அக்கறையில் சொன்னாய், அக்கறையில் சொல்வதை அவருக்குத் தட்டத் தெரியாது.

எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் சேர்ந்து நடந்ததே கிடையாது. நான் ராத்திரி டூட்டி முடிந்து வரும்போது அவர் கடை திறக்கக் கிளம்புவார், வாசலில் சாவி கைமாறும், அவ்வளவுதான். இப்போது தினமும் தண்ணீர்த் தொட்டி வரை போய் வருகிறோம். வழியில் உள்ள கடைப் பலகையெல்லாம் என்னைப் படிக்கச் சொல்லி என் கண்ணைச் சோதிக்கிறார், தப்பாகப் படித்தால் சந்தோஷப்படுகிறார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. தையல்காரர் வந்து சொன்ன அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது சின்னி, யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அதோடுதான் காலையில் செருப்பை மாட்டுகிறேன். அவரைப் பத்திரமாக உட்கார வைப்பது சுலபம். நாற்காலியில் பத்திரமாக இருந்தவரோடு நான் இருந்து பார்த்துவிட்டேன். இவரோடு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேத்திக்கு முத்தம், நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சர்க்கரை எவ்வளவு என்று அவரிடம் கேட்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னைக்கு எதுவரைக்கும் நடந்தீங்கப்பா என்று மட்டும் கேள்.

உன் அம்மா